பறவைக்கு நாலெல்லை

என்னுடைய முதல் பறவையை அவர் தள்ளுபடி செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மாங்குயில். கோலியனூர் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரில் இருந்த வேப்பமரத்தில் மஞ்சளாக ஒன்று வந்து உட்கார்ந்தது. கண்ணோரம் மை தீட்டின மாதிரி கறுப்புக் கோடு. பார்த்த பரபரப்பில் பஸ்ஸையும் விட்டுவிட்டேன். மாவட்டப் பறவைக் குழு என்று நாங்கள் கொஞ்சம் பேர் வாட்ஸப்பில் வைத்திருந்த குழுவில் "மாங்குயில், கோலியனூர், காலை 7.40" என்று போட்டேன். அறுபத்து மூன்று பேரும் கைதட்டப் போகிறார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு பதில் வந்தது.

"நாலெல்லை?"

மனை விற்கிறவர் யாரோ குழு மாறிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் அடுத்தது வந்தது. "பறவை உட்கார்ந்த மரத்துக்குக் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கில் என்ன இருக்கிறது என்று எழுதவும். நீங்கள் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி யார்? இல்லையென்றால் பட்டியலில் ஏறாது."

நான் விலங்கியல் படித்தவள். மூன்று வருஷம் தவளையை அறுத்தவள். ஒரு மஞ்சள் பறவையைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்குச் சாட்சி வேண்டுமாம். பஸ் ஸ்டாப்பில் கூட நின்றிருந்த பூக்கார அம்மாவைக் கேட்டிருக்கலாம். அவர் பஸ் பிடித்துப் போய்விட்டிருந்தார். மாங்குயில் தள்ளுபடி.

குழுவின் பட்டியல் அவர் கையில் இருந்ததற்குக் காரணம் பறவை அறிவு இல்லை. தமிழில் தட்டுத் தடங்கல் இல்லாமல் டைப் அடிக்கத் தெரிந்தவர் எங்களில் அவர் ஒருவர்தான். ஒரு பத்திர ஆபீஸுக்கு எதிரில் டைப்பிங் கடை வைத்திருந்தார். கிரயம், தானம், பாகப்பிரிவினை, எது வந்தாலும் அவர் அடிப்பார். எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மோட்டாவாக இடம் சொன்னதற்கே அவர் என்னைத் தள்ளுபடி செய்திருப்பார்.

குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பார், கண்ணாடி வழியாகப் பேப்பரைப் பார்ப்பார். பைனாகுலர் கிடையாது. கடை வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். நாற்காலியை அரை அடி நகர்த்தினால் மரத்தின் பாதி தெரியும். அவருடைய சொந்தப் பறவைகள் எல்லாம் அந்தப் பாதி மரத்தில் வந்தவைதான். ஏழு வருஷத்தில் இருபத்து மூன்று. எனக்கு முதல் ஒரு மாதத்திலேயே நாற்பத்தேழு. அதில் அவர் ஏற்றுக்கொண்டது ஆறு. ஆறில் ஒன்று காக்கை. அந்தக் காக்கையும் மூன்று மாதம் நிலுவையில் கிடந்தது. "வீட்டுக் காக்காவா அண்டங்காக்காவா? கழுத்து சாம்பலா கறுப்பா? ரெண்டும் ஒண்ணா வர்ற எடம் அது. வில்லங்கம் பாக்காம எப்பிடி ஏத்தறது?"

பத்திரக்காரர்கள் நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பார்கள்: இதே நிலத்தை வேறு யாராவது தன்னுடையது என்கிறார்களா என்று. அக்கா பறவைக்குப் பார்த்தார். இதே மாதிரி இருக்கிற வேறு பறவை எது, அது இல்லை என்று எப்படிச் சொல்கிறாய், போன வருஷம் இங்கே வந்ததற்கு மூலம் இருக்கிறதா. இதையெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பறவை மரக்காணம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவருடைய கடைக்கு வெளியே அந்த மரத்தடியிலேயே ஒரு அண்ணன் உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு பிளாஸ்டிக் கவரில் தன்னுடைய ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் கட்டு. அவர்தான் சாட்சி. ஊரில் நிலம் எழுதுகிறவர்கள் சாட்சிக்கு ஆள் கூட்டி வர மறந்துவிட்டால், அக்கா ஜன்னல் வழியாக "அண்ணே, ஒரு சாட்சி" என்பார். அவர் எழுந்து வந்து, எழுதிக் கொடுப்பவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவார். ஒரு டீ. மறுபடி மரத்தடி.

ஒருநாள் அவரிடமே கேட்டேன். "அண்ணே, இப்ப கையெழுத்து போட்டீங்களே, அவர உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பதான பாப்பா தெரிஞ்சிக்கினேன்," என்றார்.

உள்ளே போய் அக்காவிடம் கத்தினேன். மனுஷனுக்கு மரத்தடி சாட்சி போதும், மாங்குயிலுக்கு மட்டும் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டுமா என்று. அவர் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.

"அவரு ஆபீசுக்குச் சாட்சி. இது என் பட்டியலு."

"அப்ப ஆபீஸ்ல பொய் இருக்கலாம், உங்க பட்டியல்ல இருக்கக் கூடாதா?"

"இந்த வரி முடிக்கட்டும், இரு," என்றார். வரி முடிந்தது. அடுத்த வரி ஆரம்பித்தது.

குழுவில் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு கடுப்பு உண்டு. ஆனால் யாரும் வாய் திறந்ததில்லை, ஏனென்றால் பூநாரை விவகாரத்தை எல்லோரும் பார்த்திருந்தோம். மனை வியாபாரம் செய்கிற ஒரு சார் குழுவில் இருந்தார். தினமும் காலை வணக்கம், வாரம் ஒரு பறவை. ஒருநாள் நூற்றுக்கணக்கில் பூநாரைகள் தண்ணீரில் நிற்கிற படத்தைப் போட்டு, "நம்ம கழுவேலியில், இன்று காலை, என் கேமராவில்" என்று எழுதியிருந்தார். கழுவேலிக்குப் பூநாரை வருவதுதான். முப்பது பேர் இதயப் பொம்மை போட்டார்கள். அக்கா கேட்டார்: "மேற்கில் பனிமலை தெரிகிறது. எந்த வருவாய் கிராமம்?"

அவர், "எனக்கு வந்ததை அனுப்பினேன் மேடம்" என்றார்.

"உங்கள் கேமரா என்று எழுதியிருக்கிறது. கேமராவுக்கு யார் அனுப்பியது?"

மனைக்காரர் குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. அதற்கும் அக்கா விடவில்லை. அவர் முன்பு சொன்ன கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, "மூலம் சந்தேகத்துக்கு உரியது" என்று பக்கத்தில் எழுதி வைத்தார்.

பறவை மட்டும் இல்லை. உலக நடப்பு எதுவாக இருந்தாலும் அவருக்கு இதே கதிதான். நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் பயிற்சி வகுப்பு. வழியில் இறங்கி அவர் கடையில் நடப்பு நிகழ்வுகள் நோட்டை ஜெராக்ஸ் எடுப்பேன். மெஷினில் தாள் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் படிப்பார். "'மக்களிடையே பெரும் வரவேற்பு'ன்னு போட்டிருக்குது. எந்த ஊரு மக்கள்? எத்தினி பேரு?" தேர்தல் நேரத்தில் எதிர் டீக்கடையில் யார் யாரோடு கூட்டணி என்று தினம் நாலு பேர் அடித்துக்கொள்வார்கள். "ரூமுக்குள்ள ஒப்பந்தமே ஆயிடுச்சாமே" என்று ஒருவர் சொன்னால், இவர் கடைக்குள்ளிருந்தே, "சாட்சி யாரு, நாற்காலியா?" என்று கேட்பார். டீ ஆறிப் போகும். அந்த டீக்கடைக்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "நல்லா பத்திக்கினு வர்ற பேச்சுல தண்ணி ஊத்திடுதும்மா உங்கக்கா," என்பார்.

ஒரு மழைக்காலத்தில் ஏரி உடைந்துவிட்டது என்று போன் போனாக வந்தது. கடைத்தெருவே ஷட்டரை இழுத்துவிட்டு மாடிக்கு ஓடியது. நானும் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஓடுகிறவர்களிடம் எல்லாம், "எந்தக் கரை? எந்த மதகு? பாத்தவங்க யாரு?" என்று கேட்டார். ஒருவரும் நிற்கவில்லை. அவர் உட்கார்ந்து ஒரு தானப் பத்திரத்தை அடித்து முடித்தார். ஏரி உடையவில்லை. நாங்கள் படியிறங்கி வந்தபோது அவர் எங்களைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தலையே தூக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்குப் பறவைப் பைத்தியம் எப்படி வந்தது என்று மரத்தடி அண்ணன்தான் சொன்னார். ஒருநாள் வாசலில் காய வைத்திருந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தின்மேல் மரத்திலிருந்து எச்சம் விழுந்ததாம். மூன்றாம் பக்கம், 'இதில் கண்ட சொத்து' என்கிற வார்த்தைக்கு மேலேயே. எல்லோரும் காக்கை என்றார்கள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. பதினொரு நாள் கழுத்தை அண்ணாந்துகொண்டே திரிந்தார். கழுத்துச் சுளுக்கிக்கொண்டு எண்ணெய் தடவினார். பன்னிரண்டாம் நாள் கண்டுபிடித்தார்: மடையான். இலைக்கும் கிளைக்கும் நடுவில் ஆடாமல் அசையாமல் நிற்கிற, மண் நிறக் கொக்கு. அன்று அண்ணனிடம் சொன்னாராம், "காக்கா மேல பழிய போட்டிருப்பமே அண்ணே." சொல்லிவிட்டு ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாராம். அதுதான் பட்டியலின் முதல் வரி. சாட்சிக் கட்டத்தில் அந்த நேரம் கடைக்கு வந்திருந்த ஒரு போஸ்ட்மேன் கையெழுத்து.

எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது சித்தேரியில்.

கூட்டேரிப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஏரி. கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஒரு புதன்கிழமை காலை தனியாக அங்கே போயிருந்தேன். ஒரு ஆள்காட்டி என் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. சாதாரண ஆள்காட்டிக்கு மூக்கோரம் சிவப்பாக இருக்கும். இதற்கு மஞ்சள். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி எங்கள் பட்டியலிலேயே கிடையாது. அது விரட்ட விரட்ட, எங்கே அதிகமாக விரட்டுகிறதோ அந்தப் பக்கம் மெதுவாகப் போனேன். கட்டாந்தரையில் ஒரு கைக்குழி அளவு பள்ளம், சுற்றிக் கூழாங்கல், நடுவில் நாலு முட்டை. மண் நிறம், கறுப்புப் புள்ளி. ஒரு எட்டு தள்ளி நின்றால் கல்லும் முட்டையும் ஒன்றுதான்.

நிமிர்ந்து பார்த்தால் முப்பதடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு. கிழக்கு ஓரத்தில் ஒரு ஜேசிபி. ரோடு வேலைக்கு ஏரி மண் எடுக்கிறார்களாம். டிரைவர் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழம அந்த ஓரம். சனிக்கெழம இங்க வந்துடுவோம்," என்றார். முட்டையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "அடப்பாவமே," என்றார். "நான் வண்டி ஓட்டறவன்மா. நிறுத்தறவன் இல்ல."

வியாழக்கிழமை மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஒன்றில், "காட்டுக்குள்ளயா இருக்குது? ஏரியில தான? அப்ப எங்களது இல்ல." இன்னொன்றில், "என்னா பறவ, மயிலா?" என்று கேட்டார்கள். ஆள்காட்டி என்றேன். "அது எங்க பாத்தாலும் கத்திக்கினு கெடக்குதே." மூன்றாவதில் ஒரு நல்ல மனுஷன் இருந்தார். "உங்க குழு பட்டியல் வெச்சிருக்குதுன்னு சொல்றியே. அதுல இந்தப் பறவ இங்க இருக்குதுன்னு பதிஞ்சி ஒரு காப்பி குடு. பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். படம் காட்டினேன். நாலெல்லையும் சொன்னேன், அந்த அளவுக்கு அடங்கிப் போயிருந்தேன். அவர் கண்ணாடி வழியாகப் படத்தைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது சாட்சி?"

"ஜேசிபி டிரைவர் பாத்தாரு."

"கையெழுத்து போடுவாரா?"

"அவரு எப்பிடிக்கா போடுவாரு? அவர் வேலைய நிறுத்தறதுக்கு அவரே போடுவாரா?"

"அப்ப ஒண்ணுதான்."

ஜன்னலைக் காட்டினேன். மரத்தடி அண்ணன் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். "அவர கூப்புடுங்க. தெரியாத ஆளுக்கே போடறாரு. நாலு முட்டைக்குப் போட மாட்டாரா? நாளைக்கு வண்டி ஏறப் போவுதுக்கா."

அப்போதுதான் அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்ததைப் பார்த்தேன்.

"ஆளு பொய்யின்னா நாளைக்கு நெசமான ஆளு வக்கீலோட வந்து நிப்பான். கேஸ் போடுவான். பறவைக்கு யாரு வருவா? நான் பொய்யா ஏத்தனாலும் அது வந்து கேக்காது, நெசத்த ஏத்தாம வுட்டாலும் வந்து கேக்காது. அப்ப நாமதான பாத்துக்கணும்?"

"பட்டியல் சுத்தமா இருக்கும். ஏரியில ஒண்ணும் இருக்காது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்த வேகத்தில் குழுவிலிருந்தும் வெளியேறினேன். மனைக்காரருக்கு அடுத்து நான். பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் மனசுக்குள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டே போனேன். இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன். "எங்க இருக்கற? நான் ஏரியில இருக்கறேன். நீ சொன்ன வேலிக்காத்தான் புதரு ரெண்டு இருக்குது. எதுன்னு சொல்லு."

அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். மொபெட்டை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, குடையும் அளக்கிற டேப்புமாகக் கட்டாந்தரையில் நின்றிருந்தார். ஆள்காட்டி இரண்டும் அவர் தலைக்கு மேலே வெறிபிடித்த மாதிரி கத்திக்கொண்டிருந்தன. டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். முட்டைக் குழியிலிருந்து ஜேசிபி நிற்கிற இடத்துக்கு, வேலிக்காத்தானுக்கு, காய்ந்த வாய்க்காலுக்கு, சுண்ணாம்புக் கோட்டுக்கு. நாலு பக்கமும் அளந்தோம். டிரைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார். பத்து மணிக்கு வேலை ஆரம்பமாம்.

"அக்கா, இப்ப நீங்க பாத்துட்டீங்க இல்ல? நீங்களே ரெண்டாவது சாட்சி," என்றேன்.

"நான் எழுதப் போறவ. எழுதறவ சாட்சி போடக் கூடாது."

கடைக்கு வந்து இரண்டு பக்கம் அடித்தார். பக்கத்தில் நின்று படித்தேன். மனு என்று தலைப்பு. கூட்டேரிப்பட்டுக்கு அருகில் சித்தேரி என்று வழங்கப்படும் அரசுப் புறம்போக்கில், ஜேசிபி நிறுத்தியுள்ள இடத்துக்கு மேற்கு, வேலிக்காத்தான் புதருக்குக் கிழக்கு, காய்ந்த வாய்க்காலுக்குத் தெற்கு, சுண்ணாம்புக் கோட்டுக்கு வடக்கு, இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட இடத்தை மேற்படியார் இருவரும் இரவு பகலாகத் தங்கள் அனுபவத்தில் வைத்துக்கொண்டு, அங்கே வருகிறவர்களைச் சத்தம் போட்டு விரட்டி வருகின்றனர். மேற்படியார் விவரமும் சொத்து விவரமும் இரண்டாம் பக்கத்தில். இரண்டாம் பக்கத்தில்: மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, எண்ணிக்கை இரண்டு. முட்டை நான்கு. குஞ்சு பொரித்து வெளியேறும் வரை மண் எடுப்பதை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன்.

"ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணுன்னு போடுங்கக்கா," என்றேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது. எது ஆணுன்னு நீ பாத்தியா?"

"முட்டை இருக்குதே."

"எண்ணிக்கை ரெண்டு," என்றார். அடுத்து, முட்டை அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். "இப்போதைக்கு அசையாதது," என்று முடிவு செய்து அடித்தார். மனுதாரர் என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

வி.ஏ.ஓ. தன் ஆபீஸ் வாசலில் ஒரு கையில் போனும் ஒரு கையில் இட்லிப் பொட்டலமுமாக நின்றிருந்தார். மனுவை வாங்கி முதல் பக்கத்தில் கண்ணை ஓட்டினார். பறவை என்று யாராவது சொன்னால் கொட்டாவி விடுகிறவர்களையே இரண்டு நாளாகப் பார்த்திருந்தேன். இவர் முகம் வெளுத்தது.

"ஏரி புறம்போக்குலயா? அனுபவிச்சிக்கினு வர்றாங்களா? எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா சார்," என்றார் அக்கா.

"வர்றவங்கள வெரட்டறாங்களா?"

"என்னையே வெரட்டிச்சி சார்."

"பட்டா கிட்டா கேப்பாங்களா?"

"எழுதியிருக்கறத முழுசா படிங்க சார்."

அவருக்கு எங்கே படிக்க நேரம். இட்லியைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போன் போட்டார். "ஏம்பா, வண்டிய ஸ்டார்ட் பண்ணாத. எடத்துல தகராறு. நாலெல்லையோட எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்கு கோர்ட்டு கேஸுன்னு போனா என் தலதான் உருளும். சர்வேயர் வந்து அளக்கற வரைக்கும் ஒரு கூடை மண்ணு எடுக்கக் கூடாது. ஜல்தியா வண்டிய வெளிய எடு."

நான் வாயைத் திறந்தேன். அக்கா குடை முனையால் என் காலைக் குத்தினார்.

மொபெட்டில் திரும்பும்போது சிரிப்பு தாங்காமல் கேட்டேன், வேணும்னேதான் இப்படி எழுதினீர்களா என்று. அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "எடம்னா இப்பிடித்தான எழுதுவாங்க? வேற எப்பிடி எழுதறது? ஒரு வார்த்த பொய் இருந்தா காட்டு. அவரு பக்கத்த திருப்பல, அதுக்கு நான் என்னா பண்ணுவேன்?" இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த முகத்தில் வில்லங்கம் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சர்வேயர் வர இருபத்திரண்டு நாள் ஆனது. ஒருவர் லீவு, இன்னொருவருக்கு வேறு ஊர், அளக்கிற கருவி ரிப்பேர். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அரசாங்கத் தாமதத்துக்காக நான் சாமி கும்பிட்டேன். பதினாறாம் நாள் குழியில் முட்டை ஓடுதான் இருந்தது. ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த அன்றே எழுந்து ஓடிவிடும். கரையோரப் புல்லில் நாலு பஞ்சு உருண்டைகள் தடுமாறிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். தனியாகத்தான் பார்த்தேன். எனவே அது நடந்ததா என்று சொல்ல முடியாது.

சர்வேயர் மனுவின் இரண்டாம் பக்கத்தையும் படித்த முதல் ஆள். ஏரிக் கட்டாந்தரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டு, 'ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை' என்று எழுதினார். மறுநாள் ஜேசிபி வந்தது. இப்போது அங்கே ஒரு ஆளுக்கு மேல் ஆழமான பள்ளம். மழைத் தண்ணீர் நின்றால் நாமக்கோழிகூட இறங்குவதில்லை. ஆள்காட்டி அதற்கப்புறம் வரவில்லை.

அக்காவிடம் நான் போகவில்லை. நன்றி சொல்லப் போயிருக்கலாம்தான். ஆனால் போனால் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி இன்னும் நிலுவையில் என்று சொல்லுவார், எனக்கு மறுபடியும் ஆத்திரம் வரும். அப்புறம் தேர்வு, அப்புறம் ரிசல்ட், அப்புறம் இன்னொரு தேர்வு. பத்திர ஆபீஸ் பைபாஸ் பக்கம் புதுக் கட்டிடத்துக்கு மாறியது. அக்கா கடையைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் யாரோ என்னைக் குழுவில் திரும்பச் சேர்த்தார்கள். பட்டியலை இறக்கிப் பார்த்தேன். மாங்குயில் இல்லை. கீழே போகப் போக ஒரு வரி. மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, சித்தேரி, நாலெல்லை, முட்டை நான்கு. சாட்சி ஒன்று: என் பெயர். சாட்சி இரண்டு: மரத்தடி அண்ணன் பெயர்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பிடிபட்டார். அவ்வளவு பேசிவிட்டு, கடைசியில் அவரும் மரத்தடி சாட்சிதான். அடுத்த பஸ்ஸில் ஏறிப் புது ஆபீஸுக்குப் போனேன். அங்கே மரம் கிடையாது. தகரக் கொட்டகை. கீழே அதே வெள்ளைச் சட்டை, அதே ஜெராக்ஸ் கட்டு.

"அண்ணே, ஏரியில முட்டைய பாத்தேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே. அக்கா ஜன்னல்ல கூப்ட்டு டீ வாங்கிக் குடுத்தாங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டீயா? பச்சத் தண்ணி குடுக்கல பாப்பா. நீ சண்ட போட்டுக்கினு போனியே, அதுக்கு மூணாவது நாளு. விடியறப்பவே கூட்டிக்கினு போயி வெயிலு ஏறுற வரைக்கும் ஏரியில உக்கார வெச்சிட்டாங்க. முட்டைய எண்ணுன்னாங்க. நாலுன்னேன். திருப்பி எண்ணுன்னாங்க. மூக்கு மஞ்சளா செவப்பான்னு நானா சொல்ற வரைக்கும் அவங்க வாயத் தொறக்கல. அந்தக் குருவி வேற மண்டைய கொத்த வருது. பேஜாரு புடிச்ச வேல. சூடு தாங்காம மஞ்சளுன்னேன். மஞ்சளுதான். அப்பறம்தான் நோட்ட நீட்டனாங்க."

போனில் அந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"முப்பது வருஷமா போட்டிருக்கறேன். பாத்துட்டுப் போட்டது அந்த ஒண்ணுதான். அதுக்கப்பறம் ஒரு வாரம் கை வரல பாப்பா. எதிர்ல நிக்கற ஆளோட மூக்க மூக்கப் பாக்குது என் கண்ணு. பொழப்ப கெடுத்து வெச்சிட்டுப் போயிடுச்சி அந்தம்மா."

உள்ளேயிருந்து யாரோ, "அண்ணே, ஒரு சாட்சி," என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போனார். நானும் பின்னால் போனேன். மேஜைக்கு எதிரில் தங்கச் சங்கிலி போட்ட ஒருவர் அவசரமாக நின்றிருந்தார். அண்ணன் பேனாவைத் திறந்து, பேப்பர்மேல் வைத்து, நிறுத்தினார்.

"உங்க பேரு என்னாங்க? எந்த ஊரு?"

"அதெல்லாம் உள்ள எழுதியிருக்குதுய்யா. போடு, நேரமாவுது."

அண்ணன் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டேனா இல்லையா? நீதான் சாட்சி."